காரணம்: கொசுறு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் போகும் பேருந்தில், மடியில் பையை அணைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஓர் அக்கா சொன்னது. அவருக்கு அவருடைய நாத்தனார் சொன்னதாம். நாத்தனாரோ, இந்தக் கதை நடந்த கடையில் வேலை பார்த்த பெண்ணுக்கு அடுத்த தெருக்காரர். மூன்று கை மாறி வந்த கதையில் ஒவ்வொரு கையும் தன் பங்குக்கு ஒரு கொத்து கூடப் போட்டிருக்கலாம். எது சாமான், எது மேலே போட்டது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை என்பதால் கேட்டபடியே எழுதுகிறேன். கடைசியில் ஒன்றை மட்டும் நானே போய்ச் சரிபார்த்தேன். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

திருவேங்கடம் சாலையில் 'அன்றாடம்' என்று ஒரு சூப்பர்மார்க்கெட். ஊர் ஊருக்குக் கிளை உள்ள கம்பெனி, தலைமை அலுவலகம் சென்னையில். சங்கரன்கோவில் கிளையில் வாசலை ஒட்டி வரிசையாகப் பில் போடும் மேசைகள் இருந்தன, மேசைக்கு ஒரு பெண் இருந்தாள், மூன்றாவது மேசையில் ஆவுடைத்தாய் இருந்தாள். அப்பா பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார், அம்மா பீடி சுற்றுகிறாள், அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ஆவுடைத்தாய்தான். பி.காம். முடித்துவிட்டுப் பயிற்சிப் பணியாளராகச் சேர்ந்திருந்தாள். பயிற்சி முடிந்து வேலை நிரந்தரமானால்தான் இ.எஸ்.ஐ. அட்டை வரும், அட்டை வந்தால்தான் அம்மாவின் நெஞ்சை ஒரு நல்ல டாக்டரிடம் காட்ட முடியும். வருஷக்கணக்காகப் புகையிலைத் தூள் படிந்த நெஞ்சு அது. ஆவுடை வேலைக்குக் கிளம்பும்போது காதில் விழுகிற கடைசிச் சத்தமும், திரும்பி வரும்போது தெருமுனையிலேயே கேட்கிற முதல் சத்தமும் அந்த இருமல்தான்.

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த மறுவாரம் சென்னையிலிருந்து ஒரு லாரி வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் பில் மேசைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு, அந்த இடத்தில் ஆறு மெஷின்களை நிறுத்திவிட்டுப் போனார்கள். அதோடு விடவில்லை. வாசல் பக்கம் இருந்த உப்பையும் புளியையும் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய், உப்புக்குப் போகிறவர்கள் பிஸ்கட்டையும் முகப்பூச்சையும் கடந்துதான் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். ஊர் அதற்குப் பெரிதாகக் கோபப்படவில்லை. உப்பைத் தேடிப் போன பெண்கள் வழியில் ஒருவரையொருவர் பார்த்து, உனக்குக் கிடைச்சுதா, எனக்குக் கிடைக்கல என்று விசாரித்துக்கொண்டார்கள். பழைய சண்டைக்காரிகள் இரண்டு பேர் பெருங்காயத்தைத் தேடிப்போய் ராசியாகித் திரும்பினார்கள்.

மெஷினின் வழிமுறை இது: வாடிக்கையாளர் தானே ஒவ்வொரு சாமானாகக் கண்ணாடியில் காட்டித் தன் பையில் போட வேண்டும். பை இருக்கிற தட்டு ஒரு தராசு. எந்தச் சாமான் எவ்வளவு எடை என்று அதற்குத் தெரியும். பில்லில் இருப்பதைவிடப் பை கனத்தால் மேலே சிவப்பு விளக்கு எரியும், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "பையில் கூடுதல் பொருள் உள்ளது. உதவியாளருக்காகக் காத்திருக்கவும்" என்று சொல்லும். அந்த உதவியாளராக ஆவுடைத்தாயை நிறுத்தினார்கள். மற்ற பெண்களை வீட்டுக்கு அனுப்பும் ஆர்டர்களைக் கட்ட உள்ளே குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். ஆவுடை வந்து, பையைப் பார்த்து, கழுத்தில் தொங்கும் அட்டையை மெஷினில் காட்டி, காரணத்தைத் தொட்டால் சிவப்பு பச்சையாகும். எப்போதாவது ஒரு தடவை எரியும் விளக்கு, ஆறு மெஷினுக்கு ஒரு பெண் போதும் என்று சென்னையில் கணக்குப் போட்டிருந்தார்கள்.

முதல் நாள் முதல் ஆளாக வந்தவள் வெள்ளத்தாய். பஸ் ஸ்டாண்டு பக்கம் காலையில் இட்லிக் கடை போடுகிறவள், தினமும் காய் வாங்குகிறவள். கத்தரிக்காயையும் சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் நாலாவது மெஷினுக்குக் காட்டி, காட்டியது போதாதென்று அதட்டி, ஒருவழியாகப் பையில் போட்டு முடித்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆவுடை ஓடிவந்து பார்த்தபோது தக்காளிக்கு மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை இருந்தது. கடையில் விற்பது உருவின இலை, பிளாஸ்டிக் உறையில் அடைத்தது. இது காம்போடு கையால் ஒடித்த கொத்து, இலையில் தண்ணீர்த் துளி உலரவில்லை. வெள்ளத்தாய் அதை எடுக்கவில்லை, பக்கத்தில் வேறு யாருமில்லை.

"இது எப்படிம்மா வந்துச்சு?" என்று ஆவுடை கேட்டாள்.

"இது என்ன கேள்வி பிள்ள? காய் வாங்குனா கருவேப்பிலை போடாமலா அனுப்புவாவ?" என்றாள் வெள்ளத்தாய். சொல்லிவிட்டு, மெஷின் பக்கம் திரும்பி, பரவாயில்லை, முறை தெரிந்த மெஷின்தான் என்பதுபோல அதன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

ஆவுடை அட்டையைக் காட்டினாள். திரையில் காரணங்கள் வந்தன. எடைப் பிழை. பையின் எடை. வாடிக்கையாளரின் சொந்தப் பொருள். மற்றவை. தராசில் பிழை இல்லை, கறிவேப்பிலைக்கு உள்ள எடையைத்தான் அது காட்டுகிறது. பை வெறும் துணிப்பை. வெள்ளத்தாய் வீட்டிலிருந்து கறிவேப்பிலை கொண்டுவரவும் இல்லை. மற்றவையைத் தொட்டாள். 'விளக்கம் எழுதவும்' என்று ஒரு கட்டம் திறந்தது. அதில் 'கொசுறு' என்று எழுதினாள். விளக்கு பச்சையானது.

அதற்குள் இரண்டாவது மெஷினும் ஐந்தாவது மெஷினும் சிவந்துவிட்டன. மதியத்துக்குள் எந்த மெஷினில் யார் எதை வாங்கினாலும், வாங்கி முடிக்கிற நேரத்தில் பையில் ஒரு கொத்து இருந்தது. ஆவுடை இங்கும் அங்கும் ஓடி எழுதிக்கொண்டே இருந்தாள், கொசுறு, கொசுறு, கொசுறு என்று. குடோனிலிருந்து தண்ணீர் குடிக்க வந்த சண்முகக்கனி அக்கா, அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏட்டி, எடைப் பிழைன்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போவியா, கட்டுரையா எழுதுத?"

ஆவுடை சிரித்துவைத்தாள், ஆனால் அமுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவளுடைய விண்ணப்பத்தில் யாரோ அவசரத்தில் பிறந்த தேதியை மாற்றி எழுதிவிட, அந்த வருஷம் முழுக்க உதவித்தொகை வரவில்லை, அம்மா கூடுதல் கட்டுக்கு இலை வாங்கி விளக்கைத் தாழ்த்திவைத்துச் சுற்றினாள். அந்த வருஷத்தில்தான் இருமல் ஆரம்பித்தது. அன்றிலிருந்து எந்தக் கட்டத்தில் எதை நிரப்பினாலும், தப்பாக எழுதினால் யாருக்கோ நெஞ்சு வலிக்கும் என்ற பயம் ஆவுடைக்கு. நல்லவள் என்பதைவிடப் பயந்தவள் என்பதுதான் சரி.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். சாமிக் காரியம் என்று யாரும் கிளப்பவில்லை. நாலாவது மெஷினுக்குச் சூடம் காட்டலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, சாமி கொடுத்தால் கும்பிடலாம், கடைக்காரன் கொடுப்பதற்கு எதற்குக் கும்பிட வேண்டும் என்று வரிசையில் நின்றவர்களே சொல்லி அவரை அடக்கிவிட்டார்கள். சந்தையில் கொத்தமல்லி விற்கும் பெண்கள்தான் முதலில் கவலைப்பட்டார்கள். தங்கள் கூடையிலிருந்து போகிறதோ என்று இரண்டு பேர் வந்து, வந்த கொத்துகளை முகர்ந்து பார்த்து, எங்கள் இலையில்லை, எங்கள் கூடையில் ஒன்றும் குறையவும் இல்லை என்று தெளிந்து, வந்ததற்கு ஒரு தீப்பெட்டி வாங்கி, அதற்கும் கொசுறாக ஒரு துண்டு இஞ்சி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆமாம், கறிவேப்பிலையோடு நிற்கவில்லை. கொத்தமல்லி வந்தது, பச்சைமிளகாய் வந்தது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்குக் காகிதத்தில் மடித்த ஒரு கை பொரிகடலை வந்தது. முகம் வெளுத்துப்போய்ப் பிஸ்கட் பாக்கெட்டாக வாங்கின வங்கிக்காரப் பெண்ணுக்கு நாள் தவறாமல் முருங்கைக்கீரை வந்தது. அவள் மூன்றாம் வாரம் அதைச் சமைக்கவும் கற்றுக்கொண்டாள். காந்தி நகரில் ஒரு மருமகளின் பையில் மாங்காய்ப் பிஞ்சு வந்தபோது, மாமியார் பையைப் பார்த்துவிட்டு மருமகளைப் பார்த்தாள், மருமகள் மனதுக்குள் நாள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள், அன்று அந்த வீட்டில் பாயசம். ஒருவர் புத்திசாலித்தனமாக ஒவ்வொரு மிளகாயாக வாங்கி மிளகாய்க்கு ஒரு கொத்து சேர்த்துவிடலாம் என்று வரிசையில் திரும்பத் திரும்ப நின்றார். முதலில் கொத்து வந்தது, பிறகு காம்பு மட்டும் வந்தது, கடைசியில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் காசு கொடுத்து வாங்கின மிளகாயும் இல்லை. அவர் அதைப்பற்றி யாரிடமும் சொல்லவில்லை என்றாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பில் மேசைகள் போனபோது கடையில் விழுந்த அமைதி இப்போது கலைந்துவிட்டது. கொசுறு என்றால் கேட்டு வாங்குவதுதானே முறை. அதனால் ஆட்கள் மெஷினிடம் பேச ஆரம்பித்தார்கள். எம்மா, ரசம் வைக்கணும், இன்னும் ரெண்டு இணுக்குப் போடு என்றார்கள். நேத்து அவளுக்கு மல்லி, எனக்கு மட்டும் வெறும் கருவேப்பிலையா என்று சண்டை பிடித்தார்கள். மெஷின் தனக்குத் தெரிந்த ஒரே பதிலை, கூடுதல் பொருள் உள்ளது என்பதை, சலிக்காமல் சொன்னது. ஆவுடை நடுவில் ஓடினாள். காலையில் கட்டின கொண்டை மதியத்தில் அவிழ்ந்தது, விரல் நுனி தேய்ந்தது, ஆனாலும் ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை உள்ளபடி எழுதினாள்.

கிளை மேனேஜர் பிச்சையா கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். மெஷின் ஒவ்வொரு சிவப்பையும் சென்னைக்குச் சொல்லிவிடும் என்பது அவருக்குத் தெரியும். மற்ற கிளைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் வராத அளவு சிவப்பு இந்த ஒரு கிளையில் எரிகிறது, அத்தனைக்கும் கொசுறு என்று ஒரே காரணம் எழுதப்படுகிறது, வேலை பார்க்கிறவர்கள் சரக்கைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறார்களா என்று சென்னையிலிருந்து கேட்டிருந்தார்கள். பிச்சையா ஒரு வழி கண்டுபிடித்தார். பில்லில் இல்லாததால்தானே சிவப்பு? அந்தக் கொத்துக்கும் ஒரு விலையைப் போட்டுப் பில்லில் ஏற்றிவிட்டால்? அடுத்த நாள் காலையிலேயே கறிவேப்பிலைக் கொத்துக்கு ஒரு குறியீடு அச்சாகி மெஷின் பக்கத்தில் ஒட்டப்பட்டது.

அன்றும் முதலில் வந்தவள் வெள்ளத்தாய்தான். காயைப் போட்டாள், கொத்து வந்தது, விளக்கு சிவந்தது, பிச்சையாவே வந்து கொத்தைக் கண்ணாடியில் காட்டிப் பில்லில் ஏற்றினார். பச்சை எரிந்தது. உடனே சிவந்தது. இன்னொரு கொத்து வந்திருந்தது. பிச்சையா அதையும் காட்டினார். அதற்கும் ஒன்று வந்தது. பை நிறைந்தது, இன்னொரு பை கொண்டுவந்தார்கள், அதுவும் நிறைந்தது, தட்டு மறைந்தது, திரை மறைந்தது, மதியம் நெருங்கும்போது நாலாவது மெஷின் இருந்த இடத்தில் ஒரு பச்சைக் குன்றும், அதற்குள்ளிருந்து கூடுதல் பொருள் உள்ளது என்று மூச்சுத் திணறிச் சொல்லும் ஒரு குரலும்தான் இருந்தன. கடை முழுக்கத் தாளித்த வாசனை. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பசித்தது.

"மேனேஜர் தம்பி," என்றாள் வெள்ளத்தாய், "வெல போட்டீர்னா அது சாமான் ஆயிரும். சாமான் வாங்குனா கொசுறு உண்டும்லா? நீரு வெல போட்டுக்கிட்டே இரும், அது குடுத்துக்கிட்டே இருக்கும். எனக்கு வீட்டுல மாவு புளிக்கி."

பிச்சையா குறியீட்டைக் கிழித்தார். குன்று அதோடு நின்றது. வெள்ளத்தாய் தனக்கு ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு மீதியை வரிசைக்குப் பங்குவைத்தாள். பிச்சையா இரண்டு நாள் தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஜெபசிங் வந்தார். தென்மாவட்டக் கிளைகளுக்கெல்லாம் மேலதிகாரி. சொந்த ஊர் நாசரேத் பக்கம், சென்னைக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. சத்தம் போடாதவர். அதுவே ஆவுடைக்கு அதிகப் பயமாக இருந்தது. கேமராப் பதிவுகளை அங்கேயே பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு கணம் பையில் இலை இல்லை, மறுகணம் இருக்கிறது, நடுவில் எந்தக் கையும் இல்லை. கேமரா பழுது என்று எழுதிவைத்திருந்தார். ஆவுடையின் கழுத்திலிருந்த அட்டையை முதலில் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அட்டை போனதும் கழுத்து லேசானது.

"யாரும்மா வைக்கிறாங்க?"

"யாரும் வைக்கல சார்."

"அப்புறம் எப்படி வருது?"

"கொசுறு சார்."

"கொசுறுன்னா யாராவது ஒருத்தர் குடுக்கணும்ல?"

ஆவுடை, அது யாரென்று தனக்குத் தெரியாது என்று சொன்னாள். எடைப் பிழை என்று எழுதியிருந்தால் மெஷின் கம்பெனிக்காரனைத்தானே கூப்பிட்டிருப்போம், இப்படி ஒரு வார்த்தையை எழுதி, நீங்களே கொடுக்கிறீர்கள் என்று நீங்களே கையெழுத்துப் போட்டதுபோல் ஆக்கிவிட்டீர்களே என்று அவர் வருத்தமாகவே சொன்னார். பயிற்சிக் காலத்திலேயே இப்படி ஒரு பேர் விழுந்தால் வேறெங்கும் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். பிறகு, சரி, நானே பார்க்கிறேன் என்று ஒரு கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். வெள்ளத்தாய் முதல் நாள் வாங்கினதையே வாங்கினார், கத்தரிக்காய், சின்ன வெங்காயம், தக்காளி. நாலாவது மெஷினில் காட்டிப் பையில் போட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சண்முகக்கனி அக்கா குடோன் கதவை விட்டு வெளியே வந்து நின்றார்.

விளக்கு பச்சையாகவே இருந்தது. நன்றி, மீண்டும் வருக என்றது குரல்.

மெஷின்கள் வந்த நாளிலிருந்து அந்தக் கூட்டம் ஆச்சரியப்பட்டது அந்த ஒரு தடவைதான். காய் வாங்கினவன் பையில் ஒரு இணுக்குக்கூட இல்லையா என்று பின்வரிசைக்குச் சேதி போனது. கேட்டால்தானே போடும், வாயைத் திறந்து கேட்டாரா என்றது ஒரு குரல். அதிகாரிக்கு எந்தக் கடையில் கொசுறு போட்டார்கள் என்றது இன்னொன்று. ஆவுடைக்கு எதுவும் கேட்கவில்லை. தெருமுனை இருமல் மட்டும் கேட்டது. இத்தனை நாள் உண்மையை எழுதியவள், அந்தப் பச்சை விளக்குக்குக் கீழே பொய்க்காரியாக நின்றாள்.

"மெஷின் ஒழுங்காத்தானே இருக்கு," என்றார் ஜெபசிங், மெல்ல. "நாளைக்கு நீங்க..."

"சார், ஒரு நிமிசம்," என்றாள் வெள்ளத்தாய்.

அவள் ஐந்தாவது மெஷினில், அட்டைக்காகக் காத்தபடி, தன் பையோடு நின்றிருந்தாள். ஆவுடையின் வேலையைப் பற்றியோ மெஷினைப் பற்றியோ அவள் அந்த நேரத்தில் யோசிக்கவே இல்லை என்று நாத்தனார் அடித்துச் சொன்னாராம். அவள் கவலை வேறு.

"இந்தக் காய உங்க வீட்டுல ஆரு ஆக்குவா?"

ஜெபசிங் தயங்கினார். "யாரும் ஆக்க மாட்டாங்கம்மா. நான் தனியா இருக்கேன், ஓட்டல் சாப்பாடு. இது சும்மா சோதனைக்குத்தான். போற வழியில யார்கிட்டயாவது குடுத்துருவேன்."

"குடுக்கதுன்னாலும் கருவேப்பிலை இல்லாம எப்படிக் குடுப்பீரு?" என்றபடி அவள் தன் பையிலிருந்த கொத்தை எடுத்து, பாதியாக ஒடித்து, ஒரு பாதியை அவருடைய பையில் போட்டாள். பை இன்னும் தட்டில்தான் இருந்தது.

சிவப்பு எரிந்தது. பையில் கூடுதல் பொருள் உள்ளது என்றது குரல். உதவியாளருக்காகக் காத்திருக்கவும் என்றது.

உதவியாளரின் அட்டை அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினார். காரணங்கள் வந்தன. எடைப் பிழையின் மேல் விரலைக் கொண்டுபோனார். ஆனால் எடை கூடினதை அவர் கண்ணாலேயே பார்த்தாயிற்று, தராசு சொன்னது சரி. வாடிக்கையாளரின் சொந்தப் பொருளா? அவருடையது இல்லை, இன்னொருத்தி கொடுத்தது. பையின் எடையா? இல்லை. கூட்டம் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவையைத் தொட்டார். கட்டம் திறந்தது. 

"இந்த இடத்துல நீங்க என்ன எழுதுவீங்க?" என்று ஆவுடையைக் கேட்டார்.

"நடந்தத எழுதுவேன் சார்."

ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார், கொசுறு என்று. பச்சையானது. சென்னைக்குப் போன அந்தச் சேதியில் இப்போது அவருடைய பேரும் இருந்தது.

அப்படியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார், ஆனால் வெள்ளத்தாயின் மெஷின் மறுபடி சிவந்தது. அவள் பையில் மீதியிருந்த பாதிக் கொத்து முழுக் கொத்தாகியிருந்தது. அட்டை யாரிடம் இருக்கிறதோ அவர்தானே வர வேண்டும்? சார், இங்க வாங்க என்றாள். போனார். எழுதினார். அதற்குள் ஒன்றாவது மெஷினிலிருந்து கூப்பிட்டார்கள், மூன்றாவதிலிருந்து கூப்பிட்டார்கள், அண்ணாச்சி, இங்க ஒரு கை என்றார்கள். ஆவுடை அட்டையைக் கேட்கப் பயந்து பக்கத்திலேயே நடந்தாள், அவர் கொடுக்க மறந்து ஓடிக்கொண்டிருந்தார். முதலில் கோட்டைக் கழற்றினார், பிறகு சட்டைக் கையை மடித்தார். யாருக்கு என்ன வந்தது என்று அவரே குனிந்து பார்க்க ஆரம்பித்தார். முருங்கைக்கீரை வந்த பெண்ணிடம், உடம்பப் பாத்துக்கம்மா என்று சொன்னதாகவும், குழந்தையின் பொரிகடலையில் அவருக்கும் இரண்டு மணி கிடைத்ததாகவும் கேள்வி. பொழுது சாய்ந்து கூட்டம் குறைந்தபோது ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டார்.

"தினமும் இவ்வளவையுமா எழுதுன? கை என்னமா வலிக்கி பிள்ள." நாசரேத் பேச்சு அவருக்குத் திரும்ப வந்திருந்தது.

"ஆமா சார்."

"இதுக்கு ஒரு பட்டன் இல்லாம எப்படிக் காலந்தள்ளுத? மொதல்ல ஒரு பட்டன் போடச் சொல்லணும்."

கழுத்து அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள். வேலை இருக்கிறதா இல்லையா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அவர் போகும்போது வாசலில் திரும்பி, நாளைக்குச் சீக்கிரம் வந்துரு, ஆவணி முகூர்த்தம், கூட்டம் இருக்கும் என்றார். அந்த ஒரு பேச்சைக் கேட்டு ஆவுடை அவர் எழுந்துபோன ஸ்டூலிலேயே உட்கார்ந்துகொண்டாள். சண்முகக்கனி அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிட்டியே பிள்ள என்றார். பிச்சையா தன் அறைக்கதவை முழுசாகத் திறந்துவைத்தார்.

ஜெபசிங் அந்தக் காய்ப்பையை யாருக்கும் கொடுக்கவில்லை. சென்னைக்கே கொண்டுபோனார் என்றும், ஒரு அடுப்பு வாங்கினார் என்றும், முதல் நாள் குழம்பு வாயில் வைக்க வழியில்லாமல் போய், பிச்சையாவுக்குப் போன் போட்டு வெள்ளத்தாயிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார் என்றும் சொல்கிறார்கள். இது நாத்தனார் போட்ட கொத்தாகவும் இருக்கலாம்.

பயிற்சி முடிந்ததும் ஆவுடைத்தாய்க்கு நிரந்தர உத்தரவு வந்தது, பிறகு இ.எஸ்.ஐ. அட்டையும் வந்தது. அம்மாவைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, கெட்டுப்போகவில்லை, இலைத் தூசியை விட்டுத் தள்ளியிருந்து மருந்து சாப்பிட்டால் சரியாகும் என்றார். கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் தெருமுனைக்கு வந்த ஆவுடை ஒரு சத்தமும் கேட்காமல் பதறி வீட்டுக்கு ஓடினாளாம். உள்ளே அம்மா வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து, கருவேப்பிலை கொண்டாந்தியா என்று கேட்டாள். ஆவுடை பையைத் திறந்து பார்த்தாள். இருந்தது.

அந்த அக்கா ராஜபாளையத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். எனக்கு இதை அப்படியே எழுதிவிட மனம் வரவில்லை. மறுவாரம் வேறு ஊரிலுள்ள 'அன்றாடம்' கிளைக்குப் போனேன். ஊர்ப் பேரைச் சொன்னால் அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்குத் தொந்தரவாகலாம். ஒரு சோப்பு வாங்கினேன். விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. பிறகு அங்கிருந்த உதவியாளப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். அவள் தன் அட்டையைக் காட்டிக் காரணங்களைத் திறந்தாள். எடைப் பிழை, பையின் எடை, வாடிக்கையாளரின் சொந்தப் பொருள், கொசுறு, மற்றவை. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மற்ற எதைத் தொட்டாலும் கீழே 'விளக்கம் எழுதவும்' என்ற கட்டம் இப்போது திறக்கிறது. கொசுறுக்கு மட்டும் திறப்பதில்லை.